கோணச்சத்திரத்தார் வட்டு மாற்றிய கதை

கோணச்சத்திரத்தில் புத்திசாலிகளே இல்லை என்று சொல்வது அபாண்டம். ஒருவர் இருந்தார். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். மூன்றே மாதத்தில் கெஞ்சிக் கூத்தாடி மறுபடி மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மிச்சம் இருந்தவர்களில் பொறுக்கி எடுத்த நாலு பேரை உட்காரவைத்துத்தான் அந்த ஊர் பூ வளர்ப்போர் சங்கத்தை நடத்திக்கொண்டிருந்தார்கள்.

செயலாளர் தெய்வநாயகம். எழுத்தர் குப்புராஜ். தட்டச்சு செய்ய சொர்ணலதா. கிடங்கைப் பார்த்துக்கொள்ளவும் பூ ஏற்றும் டெம்போவை ஓட்டவும் ஆவுடையப்பன். நாலு பேரும் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று மட்டும் யோசிக்க மாட்டார்கள்.

தெய்வநாயகத்துக்குச் செயலாளர் நாற்காலிதான் உயிர். வீட்டில் அவர் பேச்சுக்கு மதிப்பு கிடையாது. சாம்பாரில் உப்பு குறைவு என்று அவர் வாயைத் திறந்தால் மனைவி டி.வி. சத்தத்தைக் கூட்டிவிடுவார். சங்கத்திலோ அவர் உள்ளே நுழைந்தால் மூன்று பேர் எழுந்து நிற்பார்கள். அந்த மூன்று பேர் எழுந்து நிற்பதை நம்பித்தான் இருபத்திரண்டு வருஷமாக மனுஷன் காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நாற்காலிக்கு இப்போது ஆபத்து வந்திருந்தது. மேலப்பேட்டையில் இருக்கும் மாவட்ட அலுவலகம் ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் செயலாளரே நேரில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், தவறினால் செயலாளர் பதவி காலியானதாகக் கருதப்படும் என்று அதில் இருந்தது. துணைத்தலைவர் வரதப்பன் இந்தச் செய்தியைக் கேட்ட அன்றே அந்த நாற்காலியின் அகலத்தைக் கேட்டுக்கொண்டு போய், அதற்கு ஒரு மெத்தை தைக்கக் கொடுத்துவிட்டதாக ஊரில் பேச்சு.

பட்டியல் சங்கத்துக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பெயர். செவ்வாய்க்கிழமை காலையில் சொர்ணலதா அதைத் திறக்கப் போனார். கம்ப்யூட்டர் முக்கிமுனகிவிட்டு ஒரு கட்டத்தில் நின்றது. திரையில் ஏதோ எழுத்து வந்தது.

"என்னம்மா சொல்லுது?" என்றார் தெய்வநாயகம்.

"இடம் இல்லைன்னு சொல்லுதுங்க சார்."

நாலு பேரும் அறையைச் சுற்றிப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. ஒரு பக்கம் பீரோ, ஒரு பக்கம் பழைய பூக்கூடைகள், நடுவில் ஆவுடையப்பன். முதலில் பூக்கூடைகளை வெளியே எடுத்தார்கள். இடம் இல்லை என்றே வந்தது. பீரோவை வராந்தாவுக்குத் தள்ளினார்கள். அப்போதும் இடம் இல்லை. கடைசியில் ஆவுடையப்பனை வெளியே போய் நிற்கச் சொன்னார்கள். அவரும் கோபித்துக்கொள்ளாமல் வேப்பமரத்தடியில் போய் நின்று, அங்கிருந்தபடியே "இப்ப எடம் இருக்கா?" என்று மத்தியானம் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.

வேறு வழியில்லாமல் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் இளஞ்சேரனைக் கூப்பிட்டார்கள். தொழிலில் கெட்டிக்காரர். ஆனால் ஆறு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு தமிழ் விழாவில் பதக்கம் வாங்கியதிலிருந்து, இனி வாயில் ஆங்கிலம் கலப்பதில்லை என்று சபதம் எடுத்திருந்தார். அவருடைய கடையில் ஒயர் வாங்கப் போனவர்கள்கூட என்ன கேட்பது என்று தெரியாமல் திரும்பி வந்திருக்கிறார்கள்.

அவர் வந்து பார்த்தார். "உள்ளே இருக்கிற வட்டு நிரம்பிவிட்டது. இயங்குதளமே மூச்சுத் திணறுகிறது. பெரிய வட்டு ஒன்று தருகிறேன், அதற்கு மாற்றிவிட்டால் பறக்கும்" என்றார். டிஸ்க்கைத்தான் வட்டு என்றும், ஆபரேட்டிங் சிஸ்டத்தைத்தான் இயங்குதளம் என்றும் சொல்கிறார் என்பது நாலு பேருக்கும் விளங்கவில்லை.

மறுநாள் காலையில் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சின்னப் பெட்டியையும், அதைச் செருகுவதற்கு ஒரு கம்பியையும், ஒரு தாளையும் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்குத் தங்கை கல்யாணம். இரண்டு நாள் ஊரில் இருக்க மாட்டார். "கடினமான வேலை இல்லை. தாளில் எழுதியிருப்பதை வரிசை மாறாமல் அப்படியே செய்யுங்கள் போதும். முடியவில்லை என்றால் அப்படியே விட்டுவிடுங்கள், வெள்ளிக்கிழமை காலையில் நான் வந்து செய்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறிவிட்டார். முடியவில்லை என்றால் விட்டுவிடலாம் என்று கோணச்சத்திரத்துக்காரர்களிடம் சொல்லியிருக்கவே கூடாது. அவர்களுக்கு முடியாதது என்று ஒன்று இருப்பதாக அவர்கள் நினைத்ததே இல்லை.

தெய்வநாயகம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியைப் படித்தார்.

"முதலில் காப்பு எடுக்கவும்."

கம்ப்யூட்டர் வேலை என்றாலும் சாமி காரியத்தோடு ஆரம்பிக்கிறான் பார், நல்ல பிள்ளை என்று தெய்வநாயகத்துக்கு இளஞ்சேரன் மேல் மரியாதையே வந்துவிட்டது.

"காப்பு கட்டத்தானே செய்வாங்க? எடுக்கவும்னு போட்டிருக்கே" என்று குப்புராஜ் இழுத்தார்.

"விபூதி எடுத்துக்குங்கன்னா என்ன அர்த்தம்? பூசுறதுக்குத்தானே எடுக்கிறோம்? அது மாதிரிதான். கோயில்ல போய் எடுத்துக்கணும்" என்றார் சொர்ணலதா.

"யாரு எடுத்துக்கிறது? கம்ப்யூட்டருக்குக் கை இல்லியே."

"பொறுப்புல இருக்கிறவங்கதான் எடுத்துக்கணும். திருவிழாவுல தர்மகர்த்தா எடுத்துக்கிற மாதிரி."

பொறுப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் தெய்வநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த அரைமணி நேரத்தில் நாலு பேரும் மாரியம்மன் கோயிலில் இருந்தார்கள். பூசாரி மஞ்சள் துண்டு கோத்த கயிற்றை அவர் வலது மணிக்கட்டில் கட்டினார்.

"ஒன்பது நாள் கவுச்சி கூடாது. ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஒன்பதாம் நாள் இங்க வந்து அவுத்துக்கணும். ஆமா, என்ன வேண்டுதல்?"

"வட்டு மாத்துறோம்" என்றார் தெய்வநாயகம் கம்பீரமாக.

பூசாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததை எல்லாம் அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று அவர் விட்டுவிட்டார்.

இரண்டாவது வரி இப்படி இருந்தது: "இயங்குதளத்தைப் பெரிய திடநிலை வட்டுக்கு மாற்றவும்."

இதில்தான் பெரிய விவாதம் நடந்தது. இயங்குதளம் என்றால் என்ன என்று முதலில் ஆராய்ந்தார்கள். கம்ப்யூட்டர் எதன் மேல் இருந்து இயங்குகிறது? மேசை மேல். ஆகவே மேசைதான் இயங்குதளம். இதை முடிவு செய்ய அவர்களுக்குக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. இந்த வேகத்தைப் பார்த்து அவர்களுக்கே பெருமையாக இருந்தது.

அடுத்தது வட்டு. குப்புராஜ் இளஞ்சேரன் கொடுத்த சின்னப் பெட்டியைக் கையில் எடுத்து எடை பார்த்தார்.

"சார், பெரிய வட்டுன்னு எழுதியிருக்கான். இது வெத்தலைப் பெட்டி அளவுகூட இல்ல. காத்தடிச்சாப் பறந்துரும் போல. இதுல எப்படி மேசையைத் தூக்கி வைக்கிறது?"

"கல்யாண அவசரத்துல மாத்திக் கொடுத்துட்டான் பாவம்" என்றார் சொர்ணலதா.

இதுவரை வாசலிலேயே நின்றிருந்த ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார். கம்ப்யூட்டருக்கு இடம் வேண்டும் என்று தன்னை வெளியே அனுப்பியதை அவர் இன்னும் ரத்து செய்யாத உத்தரவாக மதித்து நடந்துகொண்டிருந்தார்.

"எங்க மாமனார் ஊர்ல வட்டுன்னா கருப்பட்டிங்க. ஒரு வட்டு, ரெண்டு வட்டுன்னுதான் எண்ணி வாங்குவோம். வீட்ல இருக்கு. தேங்கா மூடி அளவு. நல்லா திடமான நிலையிலதான் இருக்கு."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியது, திடநிலை, வட்டு. தாளில் இருந்த மூன்று சொல்லும் அப்படியே பொருந்தின. தெய்வநாயகம் ஆவுடையப்பனை உள்ளே வரச் சொல்லிக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நாலு கருப்பட்டி வட்டு வந்தது. ஆளுக்கொரு மூலையைப் பிடித்து மேசையைத் தூக்கி, காலுக்கு ஒன்றாக வட்டை வைத்து இறக்கினார்கள். மேசை சற்று ஆடியது. கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தார்கள். இடம் இல்லை என்றே வந்தது.

"தாள்ல இன்னும் ரெண்டு வரி பாக்கி இருக்கு. அவசரப்பட்டா ஆகுமா?" என்று தெய்வநாயகம் எல்லோரையும் அடக்கினார்.

மூன்றாவது வரி, "பழைய வட்டைத் துடைத்துவிடவும்" என்றது. ஆவுடையப்பன் வீட்டில் போன வருஷத்துப் பழைய கருப்பட்டி ஒன்று பானையில் கிடந்தது. அதைக் கொண்டுவந்தார். சொர்ணலதா ஈரத்துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். துடைக்கத் துடைக்கத் துணி கறுத்தது, வட்டு சிறுத்தது. சொர்ணலதா எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. மதியம் இரண்டு மணிக்கு வட்டும் இல்லை, துணியும் துணியாக இல்லை. "சுத்தமாத் துடைச்சாச்சு சார்" என்று பாகு வழிகிற கையைக் காட்டினார்.

ஒன்று சொல்லியாக வேண்டும். இளஞ்சேரன் எழுதியதை இவர்கள் அரைகுறையாகப் புரிந்துகொண்டு, கம்ப்யூட்டரைத் திறந்து நிஜமான பழைய வட்டைத் துடைத்திருந்தால் நானூற்றுப் பன்னிரண்டு பெயரும் அன்றைக்கே போயிருக்கும். முழுசாகப் புரியாததால் பட்டியல் தப்பித்தது. உலகத்தில் முட்டாள்தனத்தால் யாருக்கும் நன்மை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

நாலாவது வரி, கடைசி வரி: "மறுதொடக்கம் செய்யவும்."

"அப்படின்னா?"

"மறுபடி மொதல்ல இருந்து தொடங்கணும் சார்" என்றார் குப்புராஜ். நாலு பேரில் தமிழ் படித்தவர் அவர்தான்.

"இப்பத்தானே முடிச்சோம்?"

"நாம முடிச்சது நமக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியுமா? அது ஒரு தடவை சொன்னாக் கேக்காது."

தாளை வரிசை மாறாமல் அப்படியே செய்யுங்கள் என்றுதானே அந்தப் பிள்ளை சொல்லிவிட்டுப் போனது? ஆகவே முதல் வரிக்குத் திரும்பினார்கள். தெய்வநாயகம் கோயிலுக்குப் போய் இன்னொரு காப்பு எடுத்துக்கொண்டார். ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே என்று பூசாரி கேட்டதற்குத் தாளைக் காட்டினார்கள். இரண்டாவது வரியில் பெரிய வட்டு என்று இருந்ததால், காலையில் வைத்ததைவிடப் பெரியது தேடி ஆவுடையப்பன் தெருத்தெருவாக அலைந்தார். புதியது வந்ததும் காலையில் வைத்தவை பழைய வட்டு ஆகிவிட்டன. அவற்றைச் சொர்ணலதா துடைத்தார். துடைத்து முடித்து நாலாவது வரியைப் படித்தால், மறுதொடக்கம் செய்யவும் என்று இருந்தது.

வியாழக்கிழமை மூன்றாவது சுற்று நடந்தது. தெய்வநாயகத்தின் வலது கையில் மூன்று காப்பு. சங்கத்துத் தரை முழுக்கப் பாகு. நடந்தால் செருப்பு தரையோடு நின்றுவிட்டது, ஆள் மட்டும் முன்னால் போனார். அன்று மாலை குப்புராஜ் குனிந்து மேசையின் காலைப் பார்த்தார். ஜன்னலில் ஆரம்பித்து மேசைக்கால் வழியாக மேலே ஏறி, விசைப்பலகையைச் சுற்றிக்கொண்டு மறுபடி ஜன்னலுக்குப் போய்க்கொண்டிருந்தது எறும்புச் சாரை.

"சார், இங்க வந்து பாருங்க. தளம் இயங்க ஆரம்பிச்சிருச்சு."

தெய்வநாயகம் குனிந்து பார்த்தார். உண்மைதான். மேசை முழுக்க இயங்கிக்கொண்டிருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை. வரதப்பன் அந்த மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்திருக்க, தான் எழுந்து நிற்பது மாதிரி அவருக்கு இரண்டு தடவை கனவு வந்திருந்தது. இனி அந்தப் பயம் இல்லை என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இளஞ்சேரன் வந்தார். வாசலில் காலை வைத்ததும் செருப்பு நின்றுவிட்டது. அவர் தரையைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், எறும்பைப் பார்த்தார். தன்னுடைய சின்னப் பெட்டி உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் இருப்பதைப் பார்த்தார்.

"காப்பு எடுத்தீர்களா?" என்றார் மெதுவாக.

தெய்வநாயகம் சட்டைக்கையை மடித்துவிட்டு மணிக்கட்டைக் காட்டினார். "ஒண்ணுக்கு மூணா எடுத்தாச்சு தம்பி."

இளஞ்சேரனுடைய ஆறு வருஷத்து விரதம் அந்த இடத்தில் முறிந்தது. "பேக்கப் எடுக்கச் சொன்னேன்யா, பேக்கப்பு. உள்ள இருக்கிறதுக்கு ஒரு காப்பி."

"பேக்கப்பா?" என்றார் குப்புராஜ் வருத்தமாக. "அதை மொதல்லயே தமிழ்ல சொல்லியிருக்கலாமே தம்பி."

இளஞ்சேரன் எறும்பை ஊதித் தள்ளிவிட்டு வேலையில் இறங்கினார். சின்னப் பெட்டியைக் கம்பியால் இணைத்து, பழைய வட்டில் இருந்த அத்தனையையும் அதில் நகலெடுத்து, பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தினார். எல்லாம் இரண்டரை மணி நேரம். போட்டதும் கம்ப்யூட்டர் கண்ணை மூடித் திறப்பதற்குள் எழுந்தது. நாலு மடங்கு இடம் காட்டியது. நானூற்றுப் பன்னிரண்டு பெயரும் பிரிண்டரிலிருந்து வரிசையாக வந்து விழுந்தன. அப்போது மணி ஒன்று.

"அவ்வளவுதான் ஐயா. மேலப்பேட்டை முக்கால் மணி நேரப் பயணம். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்" என்றார் இளஞ்சேரன்.

தெய்வநாயகம் எழுந்தார். பட்டியலை மஞ்சள் பையில் வைத்தார். பையைத் தூக்கினார். தூக்கிய கையில் மூன்று காப்பும் தெரிந்தன. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மேலப்பேட்டை எல்லைக்கு அந்தப் பக்கம். வேறு யாரையும் அனுப்பவும் முடியாது, செயலாளரே நேரில் வர வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. அறுத்து எறியுங்கள் என்றார் இளஞ்சேரன். அம்மன் காப்பை அறுக்கச் சொன்னவரை நாலு பேரும் பார்த்த பார்வையில், அவர் தன் கருவிப் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். நல்லவேளை அவர் போனது. இருந்து அடுத்து நடந்ததைப் பார்த்திருந்தால் தமிழ், ஆங்கிலம் இரண்டையுமே விட்டிருப்பார்.

பூசாரியிடம் ஆள் போயிற்று. ஒரு காப்புக்கு ஒன்பது நாள், மூன்றுக்கு இருபத்தேழு நாள், அதற்கு முன் அவிழ்க்க மாட்டேன் என்று அவர் சொல்லி அனுப்பினார். தெய்வநாயகத்துக்கு ஒரு பக்கம் அம்மன், ஒரு பக்கம் நாற்காலி. இரண்டில் எதை இழந்தாலும் அவரால் தாங்க முடியாது. ஒரு பெரிய மனுஷன் பாகுத் தரையில் செருப்பு ஒட்டிக்கொள்ள நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்க்க மற்ற மூவருக்கும் நிஜமாகவே பொறுக்கவில்லை.

"சார் எல்லையைத் தாண்டக் கூடாது. அவ்வளவுதானே?" என்று ஆவுடையப்பன் கேட்டார்.

"அவ்வளவுதான்யா. அதுதானே கஷ்டம்."

"எல்லை சாருக்கு முன்னாடி போய்க்கிட்டே இருந்தா சார் எப்படி அதைத் தாண்ட முடியும்?"

ஊருக்கு வெளியே புளியமரத்துக்குப் பக்கத்தில் எல்லைக்கல் ஒன்று நட்டிருந்தது. வருகிறவர்கள் பார்க்கிற பக்கம் "கோணச்சத்திரம் உங்களை அன்புடன் வரவேற்கிறது" என்றும், போகிறவர்கள் பார்க்கிற பக்கம் "நன்றி, மீண்டும் வருக" என்றும் எழுதியிருந்தது. இரண்டு மணிக்குக் கடப்பாரையோடு போய் அதைத் தோண்டினார்கள். பூ ஏற்றுகிற டெம்போவில் ஏற்றினார்கள். ஆவுடையப்பன் டெம்போவை ஓட்டினார். சொர்ணலதா பின்னால் கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நன்றி, மீண்டும் வருக என்ற பக்கம் பின்னால் பார்த்திருந்தது. அதைப் பார்த்தபடியே குப்புராஜின் ஸ்கூட்டரில் தெய்வநாயகம் தொடர்ந்தார். அந்த எழுத்து அவருக்கு முன்னால் போகிறவரைக்கும் அவர் ஊருக்குள் இருக்கிறார் என்று கணக்கு.

டெம்போ வேகமாகப் போனால் கவலை இல்லை, ஊர் அவ்வளவு பெரிதாகிறது. மெதுவாகப் போனால்தான் ஆபத்து. ஒவ்வொரு வேகத்தடையிலும் டெம்போ தயங்க, குப்புராஜ் பிரேக்கை அழுத்த, தெய்வநாயகம் மஞ்சள் பையோடு அவர் முதுகில் மோதிக்கொண்டார். ரயில்வே கேட்டில் டெம்போ அந்தப் பக்கம் போனதும் கேட்டை மூடிவிட்டார்கள். ஸ்கூட்டர் இந்தப் பக்கம் நின்றது. கேட்டைத் திறப்பதற்குள் டெம்போ நாலு ஊரைத் தாண்டிப் போயிருந்தது. அந்த நாலு ஊர்க்காரர்களும் தங்களுக்குத் தெரியாமலேயே கால்மணி நேரம் கோணச்சத்திரத்துக்காரர்களாக இருந்தார்கள். நல்லவேளையாக அதன் பாதிப்பு எதுவும் அவர்களிடம் பிறகு தென்படவில்லை.

மேலப்பேட்டை முகப்பில் ஒரு ரவுண்டானா. டெம்போ அதைச் சுற்றியபோது கல்லும் சுற்றி, வரவேற்கிறது என்ற பக்கம் தெய்வநாயகத்தைப் பார்த்தது. "நிறுத்துய்யா" என்று அலறினார். அந்த எழுத்து தெரிந்தால் அவர் ஊருக்கு வெளியே நிற்கிறார் என்றல்லவா அர்த்தம்? வண்டிகள் எல்லாம் ஹாரன் அடிக்க, நாலு பேரும் ரவுண்டானாவில் நின்று நிதானமாக விவாதித்தார்கள். கடைசியில், அவர் கண்ணை மூடிக்கொண்டு சுற்றி வந்துவிட்டால் பார்க்காத எழுத்துக்கு அர்த்தம் இல்லை என்று முடிவானது.

மாவட்ட அலுவலகத்தில் அவர்கள் நுழைந்தபோது மணி நாலரை. அலுவலர் பர்வதவர்த்தினி அம்மாள் கோப்பு பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் ஆவுடையப்பனும் சொர்ணலதாவும் கல்லை உருட்டிக்கொண்டு வந்து, அவருடைய நாற்காலிக்குப் பின்னால் சுவரோரமாக நிமிர்த்தி வைத்தார்கள். பிறகுதான் தெய்வநாயகம் உள்ளே வந்து கும்பிட்டார்.

"என்னங்க இது?"

"எல்லைங்க மேடம்" என்று தொடங்கி அவர் எல்லாவற்றையும் சொன்னார். காப்பு, வட்டு, எறும்பு, ரவுண்டானா, ஒன்றையும் விடவில்லை. அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். திரும்பிக் கல்லைப் பார்த்தார்.

"அப்ப நான் இப்ப உக்காந்திருக்கிறது கோணச்சத்திரத்திலயா?"

"ஆமாங்க மேடம். நல்லா உள்ளாற இருக்கீங்க."

"கோணச்சத்திரத்துல பூ வளர்ப்போர் சங்கத்துக் காகிதத்தை வாங்க வேண்டியவர் யாரு? செயலாளர்தானே? அப்ப நீங்களே உங்ககிட்ட வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டு, கல்லை வெளியே எடுக்க ஆள் கூப்பிட எழுந்து போனார்.

அந்த அம்மாள் சொன்னது கேலி. கேலி என்று கண்டுகொள்ள ஒரு கைப்பிடியாவது மூளை வேண்டும். தெய்வநாயகத்துக்கு அது உத்தரவாகத்தான் காதில் விழுந்தது. முகம் மலர்ந்துபோய், மேசைக்கு அந்தப் பக்கம் சுற்றிப் போய், நாற்காலியில் உட்கார்ந்து துண்டைச் சரிசெய்துகொண்டார். குப்புராஜ் பட்டியலை நீட்டினார்.

"இதைச் செயலாளரே நேர்ல கொடுக்கணும்னு விதி இருக்கு. நீ யாருய்யா?" என்றார் நாற்காலியில் இருந்த தெய்வநாயகம்.

குப்புராஜ் பின்வாங்கினார். தெய்வநாயகம் எழுந்து இந்தப் பக்கம் வந்து, பட்டியலை வாங்கி, "ஐயா, வணக்கம்" என்று பணிவாக நாற்காலியின் முன் வைத்துவிட்டு, மறுபடி அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து அதைக் கையில் எடுத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு மனுவையும் முதல் தடவையில் வாங்கிய பழக்கம் அவருக்குக் கிடையாது.

"முகப்புக் கடிதம் எங்கே?"

இந்தப் பக்கம் வந்து கடிதம் எழுதிக்கொண்டு போனார். அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் தேதி இல்லை. வந்து தேதி போட்டார். அடுத்ததாகக் கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பட்டியல்ல ஒரு மாதிரி இருக்கு, கடிதத்துல ஒரு மாதிரி இருக்கே" என்று புருவத்தை நெரித்தார்.

"அவசரத்துல போட்டதுங்க ஐயா" என்று இந்தப் பக்கம் வந்து நின்று கெஞ்சினார்.

இந்தச் சமயத்தில் பர்வதவர்த்தினி அம்மாள் காவலாளியோடு திரும்பி வந்தார். கடிகாரத்தில் ஐந்து அடிக்க மூன்று நிமிஷம். தன் நாற்காலியில் இருந்தவரைப் பார்த்து அவருக்குப் பரிதாபமாகிவிட்டது. "சரி, விளையாட்டு போதும். பட்டியலைக் கொடுங்க, நான் முத்திரை குத்தித் தர்றேன். உங்க பதவி போயிரப் போவுது" என்று கையை நீட்டினார்.

"மன்னிக்கணும் மேடம், பரிசீலனை நடந்துக்கிட்டிருக்கு. நடுவுல யாரும் தலையிடக் கூடாது" என்றார் தெய்வநாயகம். குப்புராஜும் சொர்ணலதாவும் ஆவுடையப்பனும் ஆமோதித்துத் தலையாட்டினார்கள். அவர் இரண்டு கையெழுத்தையும் இன்னொரு தடவை ஒப்பிட்டார். பெயர்களை விரல் வைத்து எண்ண ஆரம்பித்தார். முப்பத்தேழாவது பெயரில் மணி ஐந்து அடித்தது.

அவர் பட்டியலை மூடி மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார். "நேரம் முடிஞ்சு போச்சு. காலம் கடந்து வந்த மனுவை வாங்குறதுக்கில்ல. போயிட்டு வாங்க" என்றார். எழுந்து இந்தப் பக்கம் வந்து, தள்ளிய பட்டியலை எடுத்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு, காலி நாற்காலியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அந்த அம்மாள் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார்.

வெளியே வந்ததும் சொர்ணலதா அழத் தொடங்கினார். "இருபத்திரண்டு வருஷப் பதவி போச்சே சார்."

தெய்வநாயகத்தின் குரலும் தழுதழுத்தது. ஆனால் அதில் ஒரு பெருமிதமும் இருந்தது.

"போகட்டும்மா. என்ன கறாரான மனுஷன் பாத்தியா? எவ்வளவு கெஞ்சியும் அசையல. இப்படி ஒரு செயலாளர் இருக்கிற வரைக்கும் நம்ம சங்கத்துக்கு ஒரு குறையும் வராது."